பதிவுக்கூடத்தில் சுருதித் திருத்தம்: கருவியின் தீர்ப்பும் செவியின் தீர்ப்பும்

பாடகரின் குரல் பதிவான பிறகு அதில் தென்படும் சுருதி விலகல்களைத் திருத்தலாமா, திருத்துவதானால் அந்தப் பொறுப்பைக் கணினி நிரலிடம் விட்டுவிடுவதா, அல்லது ஒலிப்பொறியாளர் ஒவ்வொரு சுரமாகக் கேட்டுத் தாமே செய்வதா என்ற கேள்வி கால் நூற்றாண்டுக்கும் மேலாக இசைப்பதிவு உலகில் விவாதிக்கப்பட்டு வருகிறது. 1997-இல் ஆட்டோ-டியூனும் 2001-இல் மெலோடைனும் சந்தைக்கு வந்தபின் இக்கேள்வி கூர்மை பெற்றது. எனினும் அதன் வேர்கள் அவற்றைவிடப் பழமையானவை. இதுவரை தரப்பட்டுள்ள முதன்மையான விடைகளையும், அவை தோன்றிய சூழல்களையும், அவற்றின் வலுவையும் குறைகளையும் இக்கட்டுரை தொகுத்து நோக்குகிறது. தானியங்கி முறை, கைவழி முறை என்ற பிரிவை இரண்டு மென்பொருள்களுக்கு இடையிலான போட்டியாகப் பார்ப்பது போதாது என்பதும், ஒரு சுரம் எங்கே நிற்க வேண்டும் என்ற முடிவை எப்போது, யார், எந்த அளவுகோலைக் கொண்டு எடுக்கிறார்கள் என்பதே உண்மையான வேறுபாடு என்பதும் இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

மென்பொருளுக்கு முந்தைய திருத்தங்கள்

பதிவான குரல் பாடகர் பாடியதை அப்படியே காட்டுகிறது என்ற நம்பிக்கை காந்த நாடாவின் காலத்திலேயே தளர்ந்துவிட்டது. 1952-இல் லண்டனில் ஃபுர்ட்வாங்லர் நடத்திய, வாக்னரின் ‘டிரிஸ்டன் உண்ட் இசோல்டே’ இசைநாடகப் பதிவில், கிர்ஸ்டன் ஃபிளாக்ஸ்டாட்டுக்கு எட்டாத உச்சச் சுரங்களை எலிசபெத் ஷ்வார்ட்ஸ்கோஃப் பாடிக் கொடுத்தார். அச்செய்தி பின்னர் வெளியே தெரிந்தபோது அது பெரும் சர்ச்சையாயிற்று. பலதடப் பதிவு பரவியபின், ஒரே பாடலைப் பலமுறை பாடவைத்து ஒவ்வொரு வரிக்கும் சிறந்த டேக்கைத் தேர்ந்து ஒட்டும் முறை வழக்கமாயிற்று. நாடாவின் வேகத்தை மாற்றினால் சுருதியும் மாறும் என்பதும் பயன்படுத்தப்பட்டது. 1966-இல் பீட்டில்ஸ் குழுவின் ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபார்எவர்’ பாடலுக்காக, வேகத்திலும் சுருதியிலும் வேறுபட்ட இரண்டு பதிவுகளை ஜார்ஜ் மார்ட்டினும் ஜெஃப் எமெரிக்கும் நாடாவின் வேகத்தைச் சரிசெய்து இணைத்தது இதற்குப் புகழ்பெற்ற சான்று. 1970-களின் நடுவில் வந்த ஈவென்டைட் எச்910 ஹார்மனைசர், பாடலின் வேகத்தை மாற்றாமலே சுருதியை மட்டும் ஏற்றி இறக்க வழிசெய்தது. பொறியாளர்கள் அதைக் கொண்டு பிசகிய சுரங்களைத் தனித்தனியே திருத்தினார்கள்.

இவை அனைத்தும் கைவழித் திருத்தங்களே. எந்தச் சுரம் பிசகியது, எவ்வளவு நகர்த்த வேண்டும் என்பதை மனிதரின் செவியே முடிவு செய்தது. ஆகவே, திருத்தம் என்பதே கணினியால் வந்த கேடு என்ற வாதம் வரலாற்றுக்குப் பொருந்தாது. கணினி புதிதாகக் கொண்டுவந்தது விலகலைக் கண்டுபிடிக்கும் வேலையையும் இலக்கைத் தேரும் வேலையையும் தானே மேற்கொண்டதுதான்.

இரு முறைகளும் இயங்கும் விதம்

ஆட்டோ-டியூனை உருவாக்கிய ஆண்டி ஹில்டிபிராண்ட், எண்ணெய் வளத்தைத் தேடுவதற்கான நிலநடுக்க அலைப் பகுப்பாய்வில் பணியாற்றிய பொறியியலாளர். ஓர் அலையை அதன் காலந்தாழ்த்திய நகலோடு ஒப்பிட்டு, இரண்டும் எந்த இடைவெளியில் ஒத்துப்போகின்றன என்று பார்க்கும் ‘தன்னொப்புமை’ என்னும் கணித உத்தியை அவர் குரலின் சுருதியைக் கண்டறியப் பயன்படுத்தினார். இந்த உத்திக்கு மிகப் பெரிய கணக்கீடு தேவைப்பட்டதால், அன்றைய கணினிகளில் உடனுக்குடன் செய்வது கடினம் என்று கருதப்பட்டது. கணக்கீட்டைப் பெருமளவு சுருக்கும் வழியைக் கண்டதே அவருடைய முதன்மைப் பங்களிப்பு. கண்டறிந்த சுருதியை, முன்கூட்டியே தேர்ந்த சுரவரிசையின் மிக அருகிலுள்ள சுரத்துக்கு நிரல் இழுக்கிறது. எவ்வளவு விரைவாக இழுக்க வேண்டும் என்பதை ‘ரீடியூன் ஸ்பீடு’ என்னும் அமைப்பு மில்லிநொடிக் கணக்கில் தீர்மானிக்கிறது. அதைச் சுழியத்தில் வைத்தால் குரல் சுரத்துக்குச் சுரம் படிக்கட்டுபோல் தாவும். கூடுதலாக வைத்தால் விப்ரட்டோ எனப்படும் குரல் அதிர்வும் சறுக்கலும் ஓரளவு தப்பிக்கும்.

மியூனிக் நகரைச் சேர்ந்த செலிமோனி நிறுவனத்தின் பீட்டர் நொய்பேக்கர் உருவாக்கிய மெலோடைன் வேறொரு வழியை எடுத்தது. அது பாடல் முழுவதையும் முதலில் ஆராய்ந்து, ஒவ்வொரு சுரத்தையும் திரையில் திரட்சியான வடிவமாகக் காட்டுகிறது. பொறியாளர் அவ்வடிவத்தைப் பிடித்து மேலோ கீழோ நகர்த்தலாம், துண்டிக்கலாம், நீட்டலாம். ஒரு சுரத்தின் சுருதியை அது மூன்று கூறுகளாகப் பிரித்துக் கையாள்கிறது: சுரத்தின் நடுநிலைச் சுருதி ஒன்று, சுரத்துக்குள் மெல்ல நிகழும் நழுவல் இரண்டு, விப்ரட்டோ போன்ற விரைவான அசைவு மூன்று. நடுநிலையைச் சரிசெய்துவிட்டு அசைவைத் தொடாமல் விடவும், நழுவலை மட்டும் பாதியாகக் குறைக்கவும் இதனால் இயலும். 2008-இல் அறிவிக்கப்பட்டு அடுத்த ஆண்டு வெளிவந்த பதிப்பு, பல சுரங்கள் ஒருசேர ஒலிக்கும் பதிவிலிருந்தும் ஒரு சுரத்தைத் தனியே பிரித்துத் திருத்தும் திறனைப் பெற்றது.

இவ்விரண்டையும் எதிரெதிர் முனைகளாக நிறுத்துவது நடைமுறைக்கு முழுவதும் ஒத்துவராது. ஆட்டோ-டியூனில், சுருதிக் கோட்டைத் திரையில் வரைந்து திருத்தும் வரைகலை முறையும் உண்டு. மெலோடைனில், எல்லாச் சுரங்களையும் குறிப்பிட்ட விழுக்காடு அளவுக்கு ஒரே கட்டளையில் இழுக்கும் வசதியும் உண்டு. எனவே, தானியங்கித் திருத்தம் என்பது பாடலை ஒவ்வொரு சுரமாகக் கேட்பதற்கு முன்பே ஒரு விதியை வகுத்து அதை முழுவதற்கும் பொருத்துவது என்றும், கைவழித் திருத்தம் என்பது கேட்டபின் ஒவ்வோர் இடத்துக்கும் தனி முடிவு எடுப்பது என்றும் வரையறுப்பது பொருத்தமாகத் தோன்றுகிறது.

தானியங்கி முறைக்கு ஆதரவான வாதங்கள்

முதல் வாதம் பாடலின் உணர்ச்சியைப் பற்றியது. சுருதிக்காகப் பலமுறை பாடவைக்கும்போது குரல் களைத்துப்போகிறது, முதல் டேக்கில் இருந்த உயிர்ப்பும் குறைகிறது. சிறு பிசகுகளைக் கருவி பார்த்துக்கொள்ளும் என்றால் பாடகர் உணர்ச்சியில் மனத்தைச் செலுத்தலாம் என்பது இதன் சாரம். இரண்டாவது வாதம் நேரத்தையும் செலவையும் பற்றியது. பின்னணிக் குரல்கள் பல அடுக்குகளாகப் பதிவாகும் பாடலில் ஒவ்வொரு சுரத்தையும் கையால் திருத்துவது பெரும் உழைப்பு. சிறிய கூடங்களுக்கும் தனித்து இயங்கும் கலைஞர்களுக்கும் அது எட்டாத செலவாகலாம். மூன்றாவது வாதம் உடனடித்தன்மை. மேடையிலும், பதிவின்போது பாடகரின் காதொலியிலும் திருத்தத்தை அப்போதைக்கப்போது தருவது தானியங்கி முறைக்கே இயலும்; பாடலை முன்கூட்டி ஆராய வேண்டிய கைவழி முறைக்கு அது இயல்பிலேயே இயலாது.

நான்காவது வாதம் முற்றிலும் வேறு தளத்தைச் சேர்ந்தது. 1998-இல் வெளிவந்த ஷேரின் ‘பிலீவ்’ பாடலில், தயாரிப்பாளர்கள் திருத்தத்தை மறைக்காமல், சுருதி தாவுவது வெளிப்படையாகக் கேட்கும்படி விட்டனர். அவ்விளைவு வோகோடர் என்னும் பழைய கருவியால் வந்தது என்றே அவர்கள் முதலில் விளக்கினர். 2000-களின் நடுவிலிருந்து டி-பெயின் இதைத் தம் குரலின் அடையாளமாக்கினார். 2008-இல் கன்யே வெஸ்ட்டின் ‘808ஸ் அண்ட் ஹார்ட்பிரேக்’ தொகுப்பு முழுவதிலும் இது துயரத்தின் ஒலியாக ஆளப்பட்டது. வட ஆப்பிரிக்காவின் ராய் இசையிலும் பெர்பர் மக்களின் இசையிலும் குரலை வழுக்கியும் அசைத்தும் பாடும் மரபு இக்கருவியோடு மோதி ஒரு புதிய ஒலியைத் தந்தது. இந்நிலைப்பாட்டின்படி தானியங்கித் திருத்தம் திருத்தமே அல்ல. அது குரலோடு சேர்த்து வாசிக்கப்படும் ஓர் இசைக்கருவி.

முதல் மூன்று வாதங்களின் பொதுவான பலவீனம், மிக அருகிலுள்ள சுரமே பாடகர் எண்ணிய சுரம் என்று அவை கொள்வதில் உள்ளது. பாடகர் அரைச்சுரத்தின் பாதிக்கும் மேல் பிசகினால், நிரல் அவரைத் தவறான சுரத்துக்கே உறுதியாக இழுத்துச் செல்லும். மூச்சொலியும் கரகரப்பும் மிகுந்த இடங்களில் சுருதியைக் கண்டறிவதே தடுமாறக்கூடும். நான்காவது வாதத்துக்கு இக்குறை பொருந்தாது. ஏனெனில் அங்கே பிசகின்மை நோக்கமே அன்று. ஆனால் அந்த வெற்றியைக் கொண்டு, மறைவான திருத்தத்துக்கும் தானியங்கி முறையே ஏற்றது என்று நிறுவ முடியாது.

கைவழி முறைக்கு ஆதரவான வாதங்கள்

கைவழி முறையை ஆதரிப்போர், எல்லா விலகலும் பிழையல்ல என்பதிலிருந்து தொடங்குகிறார்கள். ஒரு சுரத்தைக் கீழிருந்து எட்டிப் பிடிப்பது ஏக்கத்தையும், சற்று மேலே நிறுத்துவது பதற்றத்தையும், வரியின் முடிவில் தொய்வது களைப்பையும் உணர்த்தலாம். எது பிசகு, எது பாவம் என்று பிரிப்பதற்குச் சொற்பொருளையும் தாளத்தையும் துணையிசையையும் சேர்த்துக் கேட்க வேண்டும். நிகழ்கணத்தின் அதிர்வெண்ணை மட்டும் அளக்கும் நிரலால் அது இயலாது என்பது அவர்களுடைய மையக் கருத்து. நல்ல கைவழித் திருத்தம் கேட்பவருக்குத் தெரியாது என்பதையும் அவர்கள் அதன் சிறப்பாகச் சொல்கிறார்கள்.

இவ்வாதம் வலுவானது, ஆனால் அதற்கும் மூன்று குறைகள் உண்டு. முதலாவதாக, திரையில் சுரங்களும் கட்டக் கோடுகளும் தெரியும்போது செவியின் இடத்தைக் கண் பிடித்துக்கொள்கிறது; காதுக்கு இனிமையாக இருந்த சுரம் கோட்டிலிருந்து விலகித் தெரிகிறது என்பதாலேயே நகர்த்தப்படும் ஆபத்து உண்டு. இரண்டாவதாக, கைவழி முறையின் தரம் திருத்துபவரின் செவிப் பயிற்சியை முழுவதும் சார்ந்தது. அவர் அந்த இசைமரபை அறியாதவரானால், பொறுமையோடு செய்த திருத்தமும் கருவியின் திருத்தத்தைவிட மேலானதாகாது. மூன்றாவதாக, கேட்பவருக்குத் தெரியாமை என்பதே அறம்சார்ந்த கேள்வியை எழுப்புகிறது. வெளிப்படையாக ஒலிக்கும் தானியங்கித் திருத்தத்தில் மறைப்பு எதுவுமில்லை; நுட்பமான கைவழித் திருத்தமோ இல்லாத ஒரு துல்லியத்தைப் பாடகருடையதாகக் காட்டுகிறது.

இவ்விரு துருவங்களுக்கும் நடுவே, பதிவுக்கூடங்களில் பரவலாகக் காணப்படும் கலப்பு முறை ஒன்றும் உள்ளது. பெரிய பிசகுகளை முதலில் கையால் திருத்திவிட்டு, அதன்மேல் மெதுவான தானியங்கித் திருத்தத்தை மெல்லிதாகப் போடுவது, அல்லது முதன்மைக் குரலைக் கையாலும் பின்னணிக் குரல்களைத் தானியங்கியாகவும் திருத்துவது அதன் வழக்கமான வடிவங்கள். நடைமுறைக்கு இது உகந்ததாயினும், எங்கே ஒரு முறை முடிந்து மற்றது தொடங்க வேண்டும் என்பதற்குத் தெளிந்த கொள்கை எதையும் அது தருவதில்லை.

திருத்தத்தையே மறுக்கும் நிலைப்பாடு

மூன்றாவது நிலைப்பாடு இரு முறைகளையும் ஏற்பதில்லை. அமெரிக்கப் பாடகி அலிசன் மூரர் 2002-இல் தம் தொகுப்பின் உறையில், சுருதித் திருத்தம் எதுவும் இதில் செய்யப்படவில்லை என்று அறிவித்தார். 2009 கிராமி விழாவுக்கு ‘டெத் கேப் ஃபார் கியூட்டி’ குழுவினர் எதிர்ப்பின் அடையாளமாக நீல நாடா அணிந்து வந்தனர். அதே ஆண்டில் ஜே-ஸீ ஆட்டோ-டியூனின் மரணத்தை அறிவிக்கும் பாடலை வெளியிட்டார். 2010-இல் ‘டைம்’ இதழ் மிக மோசமான கண்டுபிடிப்புகளின் பட்டியலில் ஆட்டோ-டியூனைச் சேர்த்தது. பிரிட்டனின் ‘எக்ஸ் ஃபாக்டர்’ போட்டி நிகழ்ச்சியில் தேர்வுச் சுற்றுக் குரல்கள் திருத்தப்பட்டதும் அவ்வாண்டிலேயே கண்டனத்துக்கு உள்ளாயிற்று.

இந்நிலைப்பாட்டில் இரண்டு வாதங்கள் கலந்துள்ளன. ஒன்று, திருத்தம் பாடத் தெரியாதவர்களைப் பாடகராக்குகிறது என்பது. 2014-இல் டி-பெயின் ஒரு வானொலி நிறுவனத்துக்காகத் திருத்தமின்றிப் பாடிய நிகழ்ச்சி, கருவியைப் பயன்படுத்துபவர் பாட இயலாதவர் என்ற கருத்தை வெகுவாகத் தளர்த்தியது. மற்றது, திறமையை அளக்கும் இடத்தில் திருத்தம் ஏமாற்றாகும் என்பது. போட்டிகளைப் பொறுத்தவரை இரண்டாவது வாதம் மறுக்க இயலாத வலுவுடையது. ஆனால் கலைப்படைப்பாக வெளிவரும் பதிவுக்கு அதை அப்படியே நீட்டினால், டேக்குகளை ஒட்டும் பழைய வழக்கத்தையும் சேர்த்தே மறுக்க வேண்டியிருக்கும்.

‘சரியான சுருதி’ என்னும் அடிப்படைச் சிக்கல்

மேற்கண்ட நிலைப்பாடுகள் பலவும், திருத்தத்தின் இலக்கு தெளிவானது என்று எடுத்துக்கொள்கின்றன. குரலை அளந்தவர்களின் முடிவுகள் அத்தெளிவை ஆதரிப்பதில்லை. அயோவா பல்கலைக்கழகத்தில் கார்ல் சீஷோர் 1930-களில் நடத்திய ஆய்வுகள், பயின்ற பாடகர்களின் விப்ரட்டோ நொடிக்கு ஏறக்குறைய 6 முதல் 7 முறை, ஓர் அரைச்சுர அகலத்துக்கு ஊசலாடுவதைக் காட்டின. ஆயினும் கேட்பவர் அதை ஒரே சுரமாகவே உணர்கிறார். ஹட்சின்ஸ், ரோக்கே, பெரெட்ஸ் ஆகியோர் 2012-இல் வெளியிட்ட ஆய்வு, அதே அளவு விலகலை வயலினில் பிசகாகக் கேட்பவர்கள் மனிதக் குரலில் அதைப் பொறுத்துக்கொள்ளும் போக்கைக் கண்டு, அதற்குக் ‘குரல்சார் தாராளம்’ என்று பொருள்படும் பெயரைச் சூட்டியது. பதிவுக்கூடங்களில் செய்யப்படும் நுண்திருத்தங்களில் ஒரு பகுதி கேட்பவர் பொருட்படுத்தாத விலகல்களின் மீதே நடக்கக்கூடும் என்று இதிலிருந்து ஊகிக்கலாம்; ஆயினும் ஆய்வுக்கூடத்தில் சிறு ஒலித்துணுக்குகளை வைத்துக் கண்டதை முழுப்பாடலுக்குப் பொருத்துவதில் எச்சரிக்கை தேவை.

கட்டத்தின் தேர்வும் நடுநிலையானதன்று. ஒரு ஸ்தாயியை 1200 சென்ட்களாகப் பிரித்து, ஒவ்வோர் அரைச்சுரத்துக்கும் 100 சென்ட் தரும் சமப்பகுப்பு முறையில் அந்தர காந்தாரம் 400 சென்டில் நிற்கிறது. ஒத்திசைவின் இயல்பான விகிதப்படியோ அது ஏறத்தாழ 386 சென்டில் அமைய வேண்டும். துணைக்கருவி இல்லாமல் பாடும் குழுவினர் ஒருவரையொருவர் கேட்டு இந்த இயல்பான இடத்தை நோக்கி நகர்வதுண்டு. அப்பதிவைச் சமப்பகுப்புக் கட்டத்துக்கு இழுத்தால் திருத்தமே ஒத்திசைவைக் குலைக்கும். வேறு சுருதிப் பகுப்புகளைத் தேரும் வசதி இம்மென்பொருள்களில் இருந்தாலும், இயல்பிருப்பாகக் கிடைப்பது சமப்பகுப்பே.

கமகத்தை உயிராகக் கொண்ட இசையில் இச்சிக்கல் மேலும் ஆழமாகிறது. தோடி ராகத்தின் காந்தாரம் தன் இடத்தில் அசையாமல் நிற்பது அரிது. ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே அது ஊசலாடுவதே அதன் அடையாளம். விரைவான தானியங்கித் திருத்தம் இவ்வசைவைப் படிகளாக உடைத்துவிடும். கைவழி முறையிலும் நிரல் ஒரே கமகத்தைப் பல சுரங்களாகத் துண்டாடிக் காட்டலாம். அசைவின் சராசரியை நடுநிலையாகக் கொண்டு கட்டத்தில் ஏற்றினால், பாடகர் எண்ணாத ஓர் இடத்துக்கே சுரம் நகரும். ஜைராஸ்பாய், ஸ்டோன் ஆகியோர் 1963-இல் இந்துஸ்தானி இசையை அளந்தபோதே, ஒரே சுரம் ஒரு நிகழ்ச்சிக்குள்ளும் மாறி நிற்பதைக் காட்டினர். பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தின் தலைமையில், சென்னை ஐ.ஐ.டி.யின் பங்கேற்புடன் நடந்த காம்ப்மியூசிக் திட்டத்தின் கர்நாடக இசை ஆய்வுகளும், சுரத்தை ஒரு புள்ளியாகக் கொள்ளாமல் சுருதிகளின் பரவலாகக் கொண்டே ராகங்களின் இயல்பை விவரிக்க முயன்றன. புள்ளியையே இலக்காகக் கொண்ட கருவி இவ்விசையில் பாதுகாப்பாகச் செய்யக்கூடியது, நீண்டு நிற்கும் ஷட்ஜ பஞ்சமங்களைத் தம்புராவோடு சேர்ப்பதும், முழுச் சொற்றொடரையும் உள்ளசைவு குலையாமல் ஒருசேர நகர்த்துவதும் மட்டுமே எனலாம்.

கற்கும் நிரல்கள் தரும் புதிய விடை

அண்மைக்கால ஆய்வுகள் சில, தானியங்கி முறையின் வேகத்தையும் கைவழி முறையின் சூழலறிவையும் இணைக்க முயல்கின்றன. சான்னா வேகரும் உடனாய்வாளர்களும் 2019, 2020 ஆண்டுகளில் முன்வைத்த ‘டீப் ஆட்டோடியூனர்’, பாடலின் சுரவரிசையை முன்கூட்டித் தராமலே, குரலையும் துணையிசையையும் சேர்த்துக் கேட்டு ஒவ்வொரு சுரமும் எவ்வளவு நகர வேண்டும் என்று கணிக்கும் நரம்பணி வலை. கரோக்கே பாடகர்களின் நல்ல பதிவுகளைச் செயற்கையாகப் பிசகச் செய்து, அப்பிசகை மீட்கும்படி அது பயிற்றுவிக்கப்பட்டது. மிக அருகிலுள்ள சுரத்துக்கு இழுக்கும் விதியைக் கைவிட்டதே இதன் முக்கியத்துவம்.

இருப்பினும், நல்ல பாடல் எது என்ற தீர்ப்பு இம்முறையில் மறைந்துவிடுவதில்லை. அது பயிற்சிப் பதிவுகளைத் தேர்ந்தெடுக்கும் இடத்துக்கு மாறுகிறது. ஒரு பாணியின் பதிவுகளில் பயின்ற நிரல், வேறொரு பாணியின் இயல்பான விலகலைப் பிழையாகக் கருதக்கூடும். ஏற்கெனவே திருத்தப்பட்ட பாடல்களே பயிற்சிக்கும் பயன்பட்டால், திருத்தத்தின் சுவையே குரலின் இயல்பு என்று அது கற்கும் ஆபத்தும் உள்ளது.

மதிப்பீடு

இதுவரை நோக்கியவற்றிலிருந்து சில முடிவுகளை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். மேடைக்கும், அடுக்கடுக்கான பின்னணிக் குரல்களுக்கும், வெளிப்படையான ஒலிவண்ணமாக ஆள்வதற்கும் தானியங்கி முறை தகுதியானது. பாவமும் அசைவும் பொருளைச் சுமக்கும் முதன்மைக் குரலுக்குக் கைவழி முறையே ஏற்றது. அங்கும், அந்த இசைமரபில் பயின்ற செவி திருத்துபவருக்கு இருந்தாலன்றி அம்முறையின் மேன்மை பெயரளவில்தான் நிற்கும். திறமையை மதிப்பிடும் போட்டிகளில் இரண்டுக்கும் இடமில்லை.

தீராத கேள்விகளும் பல. எந்த அளவுக்கு மேல் திருத்தம் கேட்பவருக்கு இழப்பாகிறது என்பதை முழுப்பாடல்களின் சூழலில் அளந்து நிறுவ வேண்டியுள்ளது. திருத்திய குரல்களையே கேட்டு வளரும் தலைமுறையின் செவி எவ்வாறு மாறுகிறது, காதொலியில் திருத்தப்பட்ட தன் குரலையே கேட்டுப் பாடுபவரின் பாடும் முறை எவ்வாறு மாறுகிறது என்பவை நீண்டகால ஆய்வை வேண்டுபவை. திருத்தத்தைக் கேட்பவருக்கு அறிவிக்க வேண்டுமா என்பதிலும் இசைத்துறையில் ஒருமித்த கருத்து இல்லை. கமகம் சார்ந்த மரபுகளுக்கு, சுரத்தைப் பாதையாகக் கொள்ளும் திருத்தக் கருவி வேண்டும். அதன் வடிவமைப்பில் அம்மரபுகளின் பாடகர்களும் ஆசிரியர்களும் தொடக்கத்திலிருந்தே பங்கேற்பது இன்றியமையாதது. எந்த முறையைத் தேர்ந்தாலும், சுரத்தின் இடத்தை முடிவு செய்யும் பொறுப்பு கடைசியில் இசையறிந்த மனிதருடையதே. அதைக் கருவியின் இயல்பிருப்பு அமைப்புக்கு விட்டுவிடுவதே இரு முறைகளிலும் நிகழக்கூடிய பெரும்பிழை.